காருக்கும் உண்டு பத்துப் பொருத்தம்

1969ஆம் ஆண்டு கேமரோ இசட்/28: அசலையும் நகலையும் பிரித்துக் காட்டும் இரும்பின் சாட்சியம்

ஆரஞ்சு வண்ணக் கேமரோ ஒன்று வெயிலில் நிற்கிறது. முன்மூடியில் இரண்டு அகலப் பட்டைகள், பின்மூடியிலும் அதே இரண்டு. கிரில்லில் ‘இசட்/28’ என்ற பேட்ஜ். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமுகிறது. அந்த உறுமலுக்கு அடியில் வால்வுகள் தையல் இயந்திரம்போலப் படபடப்பதும் காதில் விழுகிறது. பார்க்க வந்தவருக்கு மனசு அப்போதே பாதி விழுந்துவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் இந்த நேரத்தில்தான் கூடவே ஒரு பரிசோதகரை அழைத்து வருகிறார்கள். அவர் பட்டையைப் பார்ப்பதில்லை, பேட்ஜைத் தொடுவதில்லை. பானெட்டைத் திறந்து, வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சமதளத்தைத் தேடுகிறார். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைக்கிறார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து வெளிச்சம் விழும்படி பார்க்கிறார். அந்த இரண்டு விரல் அகலத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பொறுத்து அந்தக் காரின் விலை பல்லாயிரம் டாலர் ஏறும் அல்லது இறங்கும்.

பேட்ஜ், பட்டை ஸ்டிக்கர், பின்பக்க ஸ்பாய்லர், சக்கரம், இருக்கை உறை என்று கண்ணுக்குச் சிறப்பாகத் தெரிகிற எல்லாமே இன்று புதிதாகச் செய்யப்பட்டுக் கடையில் கிடைக்கின்றன. சாதாரணக் கேமரோ ஒன்றை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க ஷெட்டில் உழைத்தால் இசட்/28 தயார். செய்தவர் அதைச் சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் விற்கும்போதுதான், அல்லது மூன்று கை மாறி அந்த உண்மை நடுவழியில் தொலைந்துபோகும்போதுதான், ஒருவருடைய ஆயுள் சேமிப்பு பறிபோகிறது.

பந்தயத்துக்காகப் பிறந்த கார்

இந்தக் காருக்கு ஏன் இத்தனை மவுசு என்பதற்கு விடை 1966இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ‘டிரான்ஸ்-ஆம்’ என்ற பந்தயத் தொடர் தொடங்கியது. எஞ்சின் 5 லிட்டரை, அதாவது 305 கன அங்குலத்தை, தாண்டக் கூடாது என்பது விதி. கேமரோவைத் தயாரித்த செவர்லேயில் பணியாற்றிய பொறியாளர் வின்ஸ் பிகின்ஸ் இதற்கென்றே ஒரு கார் வேண்டும் என்று நிர்வாகத்தை வற்புறுத்தினார். கையிருப்பில் இருந்த 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கையும், 283 எஞ்சினின் கிராங்க் அளவையும் சேர்த்தார்கள். 4 அங்குல போர், 3 அங்குல ஸ்ட்ரோக். கூட்டிக் கழித்தால் 302 கன அங்குலம். விதிக்கோட்டுக்குச் சற்றே உள்ளே வந்து நின்றது. விளம்பரத்தில் சொன்ன சக்தி 290 குதிரைத்திறன்.

ஆப்ஷன் பட்டியலில் அதற்கு வந்த வரிசைக் குறியீடு இசட்28. அதுவே பிறகு பெயராக நிலைத்துவிட்டது. 1967இல் 602 கார்கள்தான் வந்தன. 1968இல் 7,199. ரோஜர் பென்ஸ்கியின் அணிக்காக மார்க் டானஹ்யூ ஓட்டி 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் டிரான்ஸ்-ஆம் பட்டத்தைச் செவர்லேக்கு வாங்கித் தந்தார். புகழ் பரவ, 1969இல் 20,302 இசட்/28 கார்கள் விற்றன. அந்த ஆண்டு உருவான மொத்தக் கேமரோக்கள் 2,43,085. அதாவது பன்னிரண்டில் ஒன்று.

மீதிப் பதினொன்றும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய இதே கார்தான். போலி செய்பவருக்கு வேறென்ன வேண்டும்? 1969 மாடல் தொடங்கியபோது இந்த ஆப்ஷனுக்குக் கூடுதலாகக் கேட்ட விலை 458 டாலர் 15 சென்ட். அன்று அவ்வளவுதான் வித்தியாசம்.

சேசிஸ் நம்பர் மௌனம் காக்கிறது

நம் ஊரில் பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு முன்னால், சேசிஸ் நம்பர்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பிரதி எடுப்பார்கள். பென்சில் பிரிண்ட் என்பார்கள். அந்த எண்ணும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போனால் கார் சரி.

இசட்/28 விஷயத்தில் அது போதாது. 1969 கேமரோவின் அடையாள எண் முன்கண்ணாடி வழியே டேஷ்போர்டின் இடது மூலையில் தெரியும். அதில் 1 என்றால் செவர்லே. அடுத்த 24 என்றால் எட்டு சிலிண்டர் கேமரோ. 37 என்றால் கூப்பே. 9 என்றால் 1969. பிறகு ‘என்’ என்று வந்தால் ஒஹாயோ மாநிலம் நார்வுட் தொழிற்சாலை. ‘எல்’ என்று வந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். கடைசி ஆறும் வரிசை எண். இதில் இசட்/28 என்று எங்குமே இல்லை. எட்டு சிலிண்டர் கூப்பே எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம்தான்.

இந்த எண்ணால் ஒரு காரை அசல் என்று சொல்ல முடியாது; ஆனால் சிலவற்றை அந்த இடத்திலேயே தள்ளிவிட முடியும். 123 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டர் கார், பேச்சுக்கே இடமில்லை. 37 இருக்க வேண்டிய இடத்தில் 67 இருந்தால் அது கன்வர்ட்டிபிள். இசட்/28 கூப்பேயில் மட்டுமே விற்கப்பட்டது. செவர்லேயின் தலைவராக இருந்த பீட் எஸ்டெஸுக்காக 1968இல் செய்த ஒற்றைக் கன்வர்ட்டிபிள் மட்டும்தான் விலக்கு. தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தியது, ஆட்டோமேட்டிக் கியர் வைத்தது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். நான்கு கியர் மேனுவலும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் இந்த ஆப்ஷனோடு கட்டாயம், ஏ.சி. கிடையவே கிடையாது.

போட்டியாளரான கிரைஸ்லரின் வழக்கம் வேறு. அந்த நிறுவனத்தின் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1971 பிளிமத் பராகுடாவில் அந்த இடத்தில் ‘ஆர்’ இருந்தால் அது 426 ஹெமி எஞ்சினோடு பிறந்த கார். அந்த ஆண்டின் ஹெமி குடா கன்வர்ட்டிபிள்கள் பதினொன்றே பதினொன்று. அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு எழுத்து அவ்வளவு விலையைத் தாங்கி நிற்கிறது. கேமரோக்காரர்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

தேதிகளுக்குள் பொருத்தம்

அதனால் கேமரோவைப் பரிசோதிப்பவர்கள் பொருத்தம் பார்க்கத் தொடங்குகிறார்கள். ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று அவர்கள் சொல்வதன் பொருள் எண் எண்ணோடு ஒத்துப்போவது மட்டுமல்ல. காரின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு; அந்தத் தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

1969 ஏப்ரலில் நார்வுட்டில் பிறந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் ‘04சி’ என்று இருந்தால் ஏப்ரல் மாதம் மூன்றாவது வாரம். ‘72 72’ என்பது வண்ணம்: ஹக்கர் ஆரஞ்சு. ‘711’ என்பது உள்ளே கறுப்பு இருக்கை. ‘எக்ஸ்33’ அல்லது ‘எக்ஸ்77’ என்று இருந்தால் அது இசட்/28 என்பதற்கான குறி. பரிசோதகர் இதைப் பார்த்து மகிழலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட மாட்டார். இந்த எக்ஸ் குறியை நார்வுட் தொழிற்சாலை மட்டும், அதுவும் 1968 டிசம்பருக்குப் பிறகுதான் பொறித்தது. வான் நைஸில் செய்த அசல் இசட்/28இல் இந்தக் குறி இருக்காது. குறி இல்லை என்பதற்காக ஒரு நல்ல காரைத் தள்ளியவர்களும் உண்டு. குறி இருக்கிறது என்பதற்காக மறுபதிப்புத் தகட்டை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு.

அடுத்தது எஞ்சின். நாம் முதலில் பார்த்த அந்தச் சமதளத்தில் ‘வி0407டிஇசட்’ என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வி’ என்றால் ஃபிளின்ட் எஞ்சின் ஆலை. 0407 என்றால் ஏப்ரல் 7இல் பூட்டிய எஞ்சின். ‘டிஇசட்’ என்பது 1969இன் 302 எஞ்சினுக்கு மட்டுமே உரிய எழுத்துகள். பக்கத்திலேயே காரின் அடையாள எண்ணின் சுருக்கமும், வரிசை எண்ணோடு சேர்த்து, பொறித்திருக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. எஞ்சின் பிளாக்கின் பின்விளிம்பில், கைவிட்டுத் துழாவ வேண்டிய இடத்தில், வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் இன்னொரு தேதி இருக்கிறது. ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என்று மாதத்துக்கு ஓர் எழுத்து. ‘டி 1 9’ என்றால் 1969 ஏப்ரல் 1. ஆக, இரும்பு உருகி அச்சில் விழுந்தது ஏப்ரல் 1. எஞ்சினாக எழுந்தது ஏப்ரல் 7. காரின் உடலுக்குள் இறங்கியது ஏப்ரல் மூன்றாம் வாரம். கியர் பாக்ஸில் ‘பி9டி05’ என்று இருந்தால் மன்சி ஆலையில் ஏப்ரல் 5இல் உருவானது. பின்அச்சின் குழாயிலும், ஹோலி கார்புரேட்டரிலும், ஆல்டர்னேட்டரிலும், ஜன்னல் கண்ணாடியின் மூலையிலும்கூட இப்படிக் குறியீடுகள் உண்டு.

இதே காரில் பிளாக்கின் வார்ப்புத் தேதி மட்டும் ‘எஃப் 20 9’ என்று இருந்தால்? அது ஜூன் 20. ஏப்ரலில் ஓடத் தொடங்கிய காருக்கு ஜூனில் பிறந்த இதயம். மேலே சமதளத்தில் எத்தனை அழகாக ஏப்ரல் என்று பொறித்திருந்தாலும், அந்தப் பொறிப்பைச் செய்த கை தொழிற்சாலைக் கை அல்ல.

போலி செய்பவர் ஓர் எண்ணை மாற்றலாம், இரண்டை மாற்றலாம். காரெங்கும் சிதறிக் கிடக்கும் இத்தனை தேதிகளையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவர அவர் பெரும்பாடு பட வேண்டும். ஒவ்வொரு உறுப்பையும் சரியான மாதத்தில், சரியான வாரத்தில் பிறந்ததாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பன்னிரண்டு போல்ட் மூடி இருக்க வேண்டிய பின்அச்சில் பத்து போல்ட் மூடி இருக்கும். பல தகடுகள் அடுக்கிய வில் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைத் தகட்டு வில் தொங்கும்.

உளி விட்ட தடம்

சமதளத்தின் மேற்பரப்பே ஒரு சாட்சி. தொழிற்சாலையில் அதைச் சீவிய பெரிய வெட்டுக் கருவி, ஒரே திசையில் ஓடும் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். ‘புரோச் மார்க்’ என்பார்கள். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாகப் பொறித்தால் அந்தக் கோடுகள் போய்விடும். பிறகு உப்புத்தாளால் கோடு இழுத்து ஒப்பேற்றுவார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்: நேர் வெளிச்சத்தில் மறையும் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும்.

எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி எல்லாவற்றையும் அதே ஆலையின் வேறு எஞ்சின்களின் புகைப்படங்களோடு ஒப்பிடுகிறார்கள். டேஷ்போர்டில் அடையாள எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் சாதாரணமானவை அல்ல; தலை பூவிதழ்போல் விரிந்திருக்கும். அங்கே கடைகளில் கிடைக்கும் வட்டத்தலை ரிவெட் இருந்தால் உடனே சந்தேகம் எழும்.

கேமரோவில் இன்னொரு ரகசியமும் உண்டு. அதே அடையாள எண்ணின் சுருக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடித் தகட்டுக்கு அடியிலும், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரிலும் மறைவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் காரைப் பிரிக்க வேண்டும். டேஷ்போர்டில் ஒரு எண்ணும் ஹீட்டருக்குப் பின்னால் வேறு எண்ணும் இருந்தால், அந்தக் கார் திருட்டுக் காராகவும் இருக்கலாம். எஃகில் பொறித்த எண்ணை முழுக்கத் தேய்த்துவிட்டால்கூட, பொறித்தபோது விழுந்த அழுத்தம் உலோகத்தின் அடியில் தங்கியிருக்கும். தடயவியல் ஆய்வாளர்கள் அமிலம் தடவி அந்தப் பழைய எண்ணை மீண்டும் மேலே கொண்டுவருவார்கள்.

தாய்ப்பத்திரம் எங்கே?

வீடு வாங்குகிறவர் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பதுபோல, இங்கேயும் காகிதத்துக்குத் தனி மதிப்பு. அந்தக் காலத்தில் செவர்லே வாங்கியவர்களுக்கு வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிய ஒரு சிறு உலோகத் தகடு கிடைத்தது. ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்று பெயர். காரின் எண், எஞ்சின், கியர் பாக்ஸ், பின்அச்சு ஆகியவற்றின் குறியீடுகள் அதில் புடைப்பெழுத்தில் இருக்கும். அசல் தகடு கையில் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. ஆனால் அதற்கும் போலி வந்துவிட்டது.

பான்டியாக் கார் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 1961 முதலான தொழிற்சாலைப் பதிவுகளைப் பாதுகாக்கும் பி.எச்.எஸ். என்ற அமைப்பிடம் கேட்டால், அந்தக் கார் எந்தெந்த ஆப்ஷன்களோடு வெளியே வந்தது என்ற பிரதி வந்துவிடும். ஃபோர்டுக்கு 1967 முதலான தரவுகள் கெவின் மார்ட்டியிடம் இருக்கின்றன. மஸ்டாங் வாங்குகிறவர் ‘மார்ட்டி ரிப்போர்ட்’ இல்லாமல் பேரம் பேசுவதில்லை. செவர்லேயில் கனடாவில் விற்ற கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கனடா பதிவு தருகிறது. அமெரிக்காவில் விற்ற கேமரோவுக்கு அப்படி ஒரே இடத்தில் கேட்டு வாங்கும் ஆப்ஷன் பட்டியல் கிடையாது. நார்வுட் ஆலை 1987இல் மூடப்பட்டது. வான் நைஸ் 1992இல். காருக்குள்ளேயே தங்கிவிட்ட காகிதம் ஒன்று சில சமயம் கைகொடுக்கும்: தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்த பில்டு ஷீட், இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ மடிந்து கிடப்பதுண்டு. எலி கடித்த அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் பலர்.

ஜெர்மனியின் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7க்கும் இதே தலைவலிதான். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரில் பந்தய விதிக்காக 500 செய்தால் போதும் என்று தொடங்கி, 1,580 வரை செய்தார்கள். அவற்றில் எடை குறைத்த ‘ஸ்போர்ட்’ ரகம் 200 மட்டுமே. எடை 960 கிலோ. பின்னால் வாத்து வால்போல் நிமிரும் ஸ்பாய்லரைச் சாதாரண 911இல் பொருத்துவது எளிது. அதனால் அங்கேயும் சேசிஸ் எண்ணின் வரிசை, எஞ்சின் எண்ணின் தொடக்கம், நிறுவனத்தின் ஆவணம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

ரிவெட்டால் வந்த வினை

எண் தகட்டின் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. அந்தக் கண்டிப்பு அப்பாவியையும் பிடித்துக்கொள்ளும் என்பதற்குச் சான்றாகக் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. 1959ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை இண்டியானாவிலிருந்து சுமார் 50,000 டாலர் கொடுத்து வாங்கிய ஒருவர், பதிவு செய்வதற்காக 2017இல் ஆய்வுக்குக் கொண்டு போனார். எண் தகட்டின் ரிவெட்டுகள் மாற்றப்பட்டிருப்பதை நெடுஞ்சாலைக் காவல்துறை கண்டது. யாரோ முன்பு காரைப் புதுப்பித்தபோது, பெயின்ட் அடிப்பதற்காகத் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை அரசுத் தரப்பே மறுக்கவில்லை. ஆனாலும் அன்றைய மாநிலச் சட்டப்படி அந்தக் காரை அழித்துவிட வேண்டும் என்று வாதிடப்பட்டது.

ஆண்டுக்கணக்கில் கார் திறந்த வெளியிலும் கிடங்கிலும் கிடந்தது. கடைசியில் 2022இல் மாநிலச் சட்டமன்றம், பழைய காரைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மாட்டுவது குற்றமாகாது என்று சட்டத்தையே திருத்தியது.

எது வரை அசல்?

இன்று 1969 கேமரோவின் முழு உடலையே, ஜெனரல் மோட்டார்ஸின் உரிமம் பெற்று, புதிதாகச் செய்து விற்கிறார்கள். துருப்பிடித்த அசல் உடலில் கூரையை மாற்றலாம், தரையை மாற்றலாம், பக்கங்களை மாற்றலாம். அப்படி மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது வேறு காராகிறது?

இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1929இலும் 1930இலும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்ட நிறுவனம், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்புகள் மாறியிருந்தன. 1932இல் 8 லிட்டர் எஞ்சினோடு புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் ஓடியபோது கரையைத் தாண்டி விழுந்து, ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அது வேறு உடலோடு மறுபடி கட்டப்பட்டது. 1929இல் லே மானில் ஓடிய உறுப்புகளில் எஞ்சியது மிகச் சொற்பம்.

நீதிபதி ஓட்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்றார். உறுப்புகள் மாறின; ஆனால் ஒரு நாளும் இந்தக் காரை ஒதுக்கிவிட்டு இன்னொன்று அதன் இடத்துக்கு வரவில்லை. அறுந்துபோகாத ஒரு வரலாறு அதற்கு இருந்தது.

பரிசோதகர்கள் பழைய உரிமையாளர்களைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். 1970களில் பந்தயப் பாதையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம், டீலர் கொடுத்த பில், சர்வீஸ் ரசீது, காப்பீட்டுத் தாள் எல்லாம் சேர்ந்துதான் அந்த வரலாற்றின் கண்ணிகள். இரும்பில் இருக்கும் தேதியும் பெட்டியில் இருக்கும் ரசீதும் ஒரே கதையைச் சொல்லும்போது, அந்தக் காரை நம்பலாம்.

நகலுக்கும் ஒரு மரியாதை உண்டு. ‘இது குளோன், சாதாரணக் கேமரோவிலிருந்து நானே கட்டினேன்’ என்று விற்பனைத் தாளிலேயே எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கார் அசலைவிட வேகமாகக்கூட ஓடும். வாங்குகிறவரும் மழையில் ஓட்டலாம், கீறல் விழுந்தாலும் தூக்கம் கெடாது. அந்த எழுத்து அடுத்தடுத்த கைகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் இந்தத் துறையினர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது.

அசல் கார் வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் சொல்லும் எச்சரிக்கை இன்னொன்று. எஞ்சினைப் பிரித்து லேத் பட்டறைக்குக் கொடுத்தால், பிளாக்கின் மேற்பரப்பைச் சமன்செய்யும்போது அந்தச் சமதளத்தையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். பட்டறைக்காரர்மேல் குற்றமில்லை, அவருக்கு அது வெறும் இரும்பு. இப்படி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே டிஇசட் எழுத்தையும் புரோச் கோட்டையும் இழந்த அசல் எஞ்சின்கள் எத்தனையோ. அதனால் அனுபவசாலிகள் பிளாக்கை இறக்குவதற்கு முன்னால் அந்த இரண்டு விரல் அகல இடத்தை ஓரவெளிச்சத்தில் பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அதன்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் ‘இங்கே சீவ வேண்டாம்’ என்று எழுதி, பட்டறைக்காரர் கண்ணில் படுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.